ரைஃபிள் கிளப்புக்குக் கொடுப்பது தர்மமா?

(எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் ஆடிட்டர். கோயில் அறக்கட்டளை, முதியோர் இல்லம், பள்ளிக்கூட டிரஸ்ட் என்று முப்பது ஆண்டுகளாகப் பிறர் கொடுத்த பணத்தின் கணக்கைப் பார்த்து வருகிறேன். அவற்றோடு ஒரு சிறிய ரைஃபிள் கிளப்பின் கணக்கையும் பதினோரு ஆண்டுகளாகப் பார்க்கிறேன். அங்கே போய்ப் போய்த்தான் எனக்கு இந்த விளையாட்டின் மேல் பிடிப்பு வந்தது. இன்று அந்தக் கிளப்புக்காகவும், அதைப் போன்ற மற்ற கிளப்புகளுக்காகவும் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நன்கொடை கேட்டு ஒரு மில் முதலாளியைப் பார்க்கப் போனோம். கொடுக்கிற மனசுள்ளவர். அவர் வீட்டு அன்னதானத்தில் சாப்பிடாத ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் இல்லை. நாங்கள் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, "ஆடிட்டர் சார், சோத்துக்குக் கேளுங்க, படிப்புக்குக் கேளுங்க, கொடுக்கறேன். துப்பாக்கிக்குக் கொடுத்தா அது தர்மமாகுமா?" என்றார். வருத்தமாக இருந்தது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அன்று என்னிடம் முழுப் பதில் இல்லை. அதைத் தேடிக் கொஞ்சம் படித்தேன். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இப்போது உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இந்தக் கேள்வி இங்கிலாந்தில் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கோர்ட்டு வாசல் ஏறி இறங்கியிருக்கிறது. 1892-இல் ஒரு உயில் வழக்கு. ஸ்டீபன்ஸ் என்பவர் அங்குள்ள தேசிய ரைஃபிள் சங்கத்துக்குப் பணம் எழுதி வைத்திருந்தார். நகரும் இலக்கைச் சுடக் கற்றுக்கொடுக்க அது செலவாக வேண்டும், மஜுபா மலையில் நேர்ந்தது போன்ற அழிவு இனி நேரக் கூடாது என்று உயிலில் காரணமும் எழுதியிருந்தார். மஜுபா தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1881 பிப்ரவரி 27 அன்று, குறி பார்த்துச் சுடுவதில் கைதேர்ந்த போயர் விவசாயிகள் அந்த மலையிலிருந்து பிரிட்டிஷ் படையை விரட்டி அடித்தார்கள். படைத்தலைவரும் அங்கேயே மாண்டார். அந்தத் தோல்வி ஒரு மனிதர் மனதில் உறுத்தி உயில் வரைக்கும் வந்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்புக்கு உதவுவதால் இது அறக்கொடையே என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

மூன்றே ஆண்டுகள் கழித்து, 1895-இல், நாட்டேஜ் என்பவரின் உயில் வழக்குக்கு வந்தது. அவர் பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கோப்பை கொடுக்கப் பணம் வைத்திருந்தார். விளையாட்டு உடலுக்கு நல்லதுதான், ஆனால் வெறும் விளையாட்டை வளர்ப்பது சட்டத்தின் கண்ணில் அறம் ஆகாது என்று தீர்ப்பாயிற்று. இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துப்பாக்கி தர்மக் கணக்கில் ஏறியது, அது போருக்கு உதவும் என்பதால். படகு ஏறவில்லை, அது விளையாட்டு என்பதால்.

போயர்களோடு இரண்டாம் முறை யுத்தம் நடந்தபோது பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸ் பிரபு தொழிலாளர்களுக்கான சிறு ரைஃபிள் கிளப்புகளை ஊர் ஊராக ஊக்குவித்தார். 1901-இல் அதற்கென்றே ஒரு சங்கம் பிறந்தது. தேவாலயக் கூடங்களிலும் ஆலைக் கொட்டகைகளிலும் சின்ன ரைஃபிள்களால் சுட்டுப் பழகினார்கள். அந்த வழியில் வந்த கிளப்புகள் நெடுங்காலம் அறநிறுவனம் என்ற பெயரோடு இருந்தன. 1993-இல் அங்குள்ள அறநிறுவன ஆணையம் இரண்டு ரைஃபிள் அமைப்புகளின் நிலையை மறுபடி ஆராய்ந்து, இவை இப்போது படைக்கு ஆள் தயாரிக்கவில்லை, பொழுதுபோக்காகத்தான் சுடுகிறார்கள், எனவே அறநிறுவனம் ஆகாது என்று முடிவு செய்தது.

1892-இல் ரைஃபிளைத் தோளில் வைத்து மூச்சை அடக்கிய பையனும் 1993-இல் அதையே செய்த பையனும் செய்தது ஒரே காரியம். மாறியது சட்டம் சொன்ன காரணம். பிறகு அது இன்னொரு முறையும் மாறியது. 2002-இல் சமுதாய அமெச்சூர் விளையாட்டுக் கிளப் என்று ஒரு புதிய பதிவுமுறை வந்தது. பதிவான கிளப்புக்கு வரும் நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டு. கட்டட வரியிலும் 80 சதவீதம் தள்ளுபடி. துப்பாக்கி சுடும் கிளப்பும் அதில் சேரலாம். அதற்கான நிபந்தனைகளில் முதன்மையானதை எங்கள் கிளப்பின் கணக்குப் புத்தகத்து முதல் பக்கத்தில் என் கையால் எழுதி வைத்திருக்கிறேன்: கிளப் ஊர் முழுவதுக்கும் திறந்திருக்க வேண்டும். 2006-இல் வந்த அறநிறுவனச் சட்டம், அமெச்சூர் விளையாட்டை வளர்ப்பதையே அறநோக்கங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டது.

நம் நாட்டில் இவ்வளவு அலைச்சல் இல்லை. 1984 செப்டம்பர் 24 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 395-ஆம் எண் சுற்றறிக்கையை வெளியிட்டது. விளையாட்டை வளர்ப்பது, 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 2(15) பிரிவின்படி அறநோக்கமே என்று அது தெளிவாகச் சொன்னது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் வந்தபோது, பெரிய கம்பெனிகள் மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று ஏற்பட்டது. எந்தெந்தப் பணிக்கு என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில் கிராம விளையாட்டு, தேசிய அங்கீகாரம் பெற்ற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சியும் இருக்கிறது. துப்பாக்கி சுடுதல் ஒலிம்பிக்கிலும் உண்டு, பாராலிம்பிக்கிலும் உண்டு. ஆக, மில் முதலாளியின் கேள்விக்குச் சட்டத்தின் பதில், தர்மம்தான் என்பது.

ஆனால் ஆடிட்டராக ஒன்றைச் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். எல்லா ரைஃபிள் கிளப்பும் அறநிறுவனம் ஆகிவிடாது. பத்து வசதியானவர்கள் சேர்ந்து சந்தா போட்டு, தங்களுக்குள்ளேயே சுட்டு மகிழ்ந்து, மாலையில் தேநீர் குடித்துவிட்டுப் போனால் அதில் தப்பில்லை. அது அவர்கள் காசு. அதற்கு நன்கொடை வரிச்சலுகை ரசீது கேட்கக் கூடாது, அவ்வளவுதான். கூலிவேலைக்காரர் வீட்டுப் பிள்ளை வந்து நின்றால் உள்ளே விட்டு, கிளப்பின் ரைஃபிளையே கையில் கொடுத்து, கோச்சைப் பக்கத்தில் நிறுத்துகிற இடம்தான் தர்மம் என்ற சொல்லுக்குத் தகுதியானது.

இது ராஜாக்களின் விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. அர்ஜுனா விருது பெற்ற முதல் துப்பாக்கி வீரர் பிகானீர் மகாராஜா கர்ணி சிங். டெல்லி துக்ளகாபாத்தில் இருக்கும் பெரிய அரங்கத்துக்கு அவர் பெயர்தான். பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் பிரிவில் (பறக்கும் தட்டைச் சுடுவது) சுட்ட நம் பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச குடும்பம். 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவுக்கு வீட்டிலேயே அரங்கம் கட்டிக் கொடுத்தார்கள். வசதி இருந்தவர்கள் வசதியை நல்ல வழியில் செலவிட்டார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். வீட்டில் அரங்கம் கட்ட முடியாதவர்களுக்கு என்ன வழி என்பதுதான் நம்முடைய கவலை.

அதற்குப் பதில் உத்தரப் பிரதேசத்தில், பாக்பத் மாவட்டத்து ஜோஹ்ரி கிராமத்தில் இருக்கிறது. கரும்புக் காட்டு ஊர். அங்கே டாக்டர் ராஜ்பால் சிங் ஒரு ரைஃபிள் கிளப்பைத் தொடங்கினார். 1990களின் கடைசியில் சந்த்ரோ தோமர் என்ற பாட்டி, தனியாகப் போகக் கூச்சப்பட்ட பேத்திக்குத் துணையாக அங்கே போனார். வயது அறுபத்தைந்துக்கு மேல். பேத்தி தடுமாறியபோது பிஸ்டலைத் தான் வாங்கிச் சுட்டுக் காட்டினார். குண்டு நடுப்புள்ளியில் விழுந்தது. பிறகு வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில், தண்ணீர் நிரம்பிய ஜாடியை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு நின்று கையை உறுதியாக்கினார். அவரைப் பார்த்து ஓரகத்தியான பிரகாஷி தோமரும் வந்தார். பிரகாஷியின் மகள் சீமா தோமர் 2010-இல் உலகக் கோப்பை டிராப் போட்டியில் வெள்ளி வாங்கினார். அந்த ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்த விளையாட்டின் பலத்தில் ராணுவத்திலும் போலீசிலும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பெண்கள் முக்காடு போட்டு வாழ்ந்த ஊரில், ஒரு கிளப்பின் கதவு திறந்திருந்ததால் நடந்தவை இவை. சந்த்ரோ பாட்டி 2021-இல் கொரோனாவில் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எங்கள் கிளப்பில் பயிற்சியை ஐந்து நிமிடம் நிறுத்தினோம்.

சென்னையில் பிறந்து ஹைதராபாதில் வளர்ந்த ககன் நாரங்கையும் சொல்ல வேண்டும். மகனுக்கு ரைஃபிள் வாங்க அவர் பெற்றோர் மனையை விற்றார்கள். அந்த வலி தெரிந்தவர், 2011-இல் புனேயில் கன் ஃபார் குளோரி என்ற பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு லண்டனில் வெண்கலம் வாங்கினார். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் அந்தப் பயிற்சிக்கூடத்தின் வழியாகத்தான் வந்தார். டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் சுட்டார். ஒரு வீட்டில் மனை விற்ற காசு, இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு அரங்கமாக வந்து சேர்ந்திருக்கிறது. தர்மம் தலைகாக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இங்கே அது தலைமுறையையே தாண்டியிருக்கிறது.

இனி, கொடுக்கிற பணம் எங்கே போகிறது என்று பார்ப்போம். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கு வட்டம் முழுவதுமே நாலரை சென்டிமீட்டர்தான். அதன் நடுவில் பத்து மார்க்குக்கான புள்ளி அரை மில்லிமீட்டர். குண்டூசித் தலையைவிடச் சிறியது. அதை அறுபது முறை சுட வேண்டும். அதற்கு ஒவ்வொரு நாளும் பழக வேண்டும். ஒரு பிள்ளை ஒரு நாளில் நூறு பெல்லட் சுடுகிறது என்று வையுங்கள். ஒரு டின்னில் 500 பெல்லட். இருபது பிள்ளைகள் பழகினால் ஒரு நாளைக்கு நான்கு டின் காலி. போட்டித் தரத்து ரைஃபிள் ஒன்று இரண்டு லட்சத்தைத் தாண்டும். கனத்த கித்தானில் தைத்த ஜாக்கெட், கால்சட்டை, ஷூ எல்லாம் தனி. காற்றடைக்கும் சிலிண்டர், கோச்சின் சம்பளம், மின்கட்டணம். இவை எதிலும் கொடுத்தவர் பெயரைப் பொறிக்க முடியாது. பெல்லட் சுட்டதும் நசுங்கிப் போய்விடும்.

எங்கள் கிளப்பில் நடந்த ஒன்று. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அப்பா தறி ஓட்டுகிறார். இரண்டு மாதம் கோச் தலையைப் பிய்த்துக்கொண்டார். நிற்பது சரி, மூச்சு சரி, டிரிகர் விரல் பூப்போல அமர்கிறது, ஆனால் சுட்டதெல்லாம் சிதறுகிறது. ஒரு நாள் நான் ரசீதுப் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது அவள் இடது கையால் பேனாவை வாங்கினாள். கோச் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். எங்கள் ரைஃபிள்கள் எல்லாம் வலக்கைக்காரர்களுக்கானவை. அந்தக் குழந்தை இரண்டு மாதமாக மாற்றுக் கையால் சுட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். கேட்டதற்கு, "இங்க எல்லாரும் அப்படித்தானே பிடிக்கறாங்க, சார்" என்றாள்.

இடக்கைக்கு என்று புது ரைஃபிள் வாங்க எங்களால் ஆகாது. எங்களிடம் இருந்த ஒரு மாடலில் கைப்பிடியை மட்டும் இடக்கைக்கு மாற்றி, கன்னம் வைக்கும் கட்டையைத் திருப்பிப் போட்டால் போதும் என்று கோச் கண்டுபிடித்தார். ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் அந்தக் கைப்பிடிக்குப் பணம் கொடுத்தார். பெயர் சொல்ல வேண்டாம் என்றார், சொல்லவில்லை. வால்நட் மரக் கைப்பிடி. அவள் உள்ளங்கைக்கு ஏற்றபடி கோச் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்து இழைத்தார். மூன்று நாள் வேலை. அதைப் பொருத்தி அவள் சுட்ட முதல் அட்டையில் பத்துத் துளைகளும் ஒரு மிளகு அகலத்துக்குள் அடங்கிவிட்டன என்று சொன்னால் அது கதை. அப்படி நடக்கவில்லை. ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வந்தது. அதைவிடச் சிறிய வட்டத்துக்குள் போன வாரம் வரைக்கும் அவள் சுட்டது அடங்கியதில்லை. இனிமேல் வரும் என்பது கோச்சின் கணக்கு. என் கணக்கும் அதுதான்.

இப்போது அந்த மில் முதலாளி வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுப்பதா? இந்தப் பயம் நியாயமானது. அதைத் தட்டிக்கழிக்கிற கிளப்புக்கு நீங்கள் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். 1996 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் ஒருவன் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஓர் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றான். அவன் துப்பாக்கிக் கிளப்புகளில் மெம்பராக இருந்தவன், துப்பாக்கிகளுக்கு லைசென்சும் வைத்திருந்தவன். அடுத்த ஆண்டே பிரிட்டன் கைத்துப்பாக்கிகளைத் தடை செய்தது. அந்த நாட்டுப் பிஸ்டல் வீரர்கள் பழக வெளிநாடு போக வேண்டியதாயிற்று. குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோர் கேட்ட தடை அது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கொடுமை கிளப்புகளுக்கு ஒரு பாடம். பிரிட்டனில் ரைஃபிள் கிளப்புக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். புது மெம்பரைக் குறைந்தது மூன்று மாதம் பார்த்துப் பழகிய பிறகுதான் முழு மெம்பராக்கலாம். ஊர் முழுவதுக்கும் கதவைத் திற என்கிறது ஒரு சட்டம், உள்ளே வருகிறவனை நன்றாகப் பார் என்கிறது இன்னொரு சட்டம். இரண்டையும் ஒருசேரச் செய்வது சிரமம். சிரமப்பட்டுச் செய்கிற கிளப்புதான் நல்ல கிளப். எங்கள் கிளப்பில் பிள்ளைகள் ஏர் ரைஃபிளோடுதான் தொடங்குகிறார்கள். எந்த ரைஃபிளும் அரங்கத்தைவிட்டு வெளியே போகாது. எண் போட்ட அலமாரி, இரண்டு சாவி, இரண்டு பேர். சுடும் கோட்டில் கோச் "நிறுத்து" என்றால் விரல் அந்த நொடியே டிரிகரை விட்டு விலக வேண்டும். ஒரு பையன் விளையாட்டாகக் குழாயைத் தோழன் பக்கம் திருப்பினான். காலி ரைஃபிள்தான். ஒரு மாதம் அவன் பெல்லட் டின்களை எண்ணும் வேலை மட்டும் பார்த்தான். அவன் அம்மா வந்து கோச்சுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு, அங்கீகாரம். மாநிலப் போட்டியில் சுட வேண்டும் என்றால் முறைப்படி இணைக்கப்பட்ட கிளப்பின் வழியாகத்தான் போக முடியும். கிளப் மாநிலச் சங்கத்தோடு, மாநிலச் சங்கம் 1951-இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கத்தோடு. இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணி சிற்றூர்க் கிளப். பதக்கம் வந்தால் மாலை மேலே விழுகிறது, கீழே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கம்பெனிகளின் சமூகநிதியை வாங்கலாம் என்றால் வருமான வரிச் சட்டப்படி அறநிறுவனப் பதிவு, நன்கொடை வரிச்சலுகைக்கான ஒப்புதல், மூன்று ஆண்டுப் பணி அனுபவம், தனிப் பதிவு எண் எல்லாம் வேண்டும். புதிதாகத் தொடங்கிய கிளப்புக்கு இது எட்டாக்கனி. இதற்கு ஆடிட்டர்கள்தான் உதவ வேண்டும். என் தொழில்காரர்கள் இந்த அவையில் மூன்று பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு கிளப்பின் பதிவு வேலையைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று உரிமையோடு கேட்கிறேன்.

கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2014 ஜூனில் வந்த அரசுச் சுற்றறிக்கை, மாரத்தான் ஓட்டம், விருது வழங்கல் போன்ற ஒருநாள் நிகழ்ச்சிகளைச் சமூகநிதிக் கணக்கில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டது. சட்டமே மேடையிலிருந்து பயிற்சிக் கொட்டகைக்கு உங்களைக் கைப்பிடித்து அழைத்துப் போகிறது. ஒரு கம்பெனியில் எங்களிடம், எல்லாம் சரி, ஆனால் ஆண்டறிக்கையில் துப்பாக்கிப் படம் போட முடியாதே என்றார்கள். படம் வேண்டாம், ஐயா. பிள்ளைகளின் மார்க் பட்டியலைப் போடுங்கள். பாரிஸில் இந்தியா வாங்கிய ஆறு பதக்கங்களில் மூன்று துப்பாக்கி சுடுதலில் வந்தவை. அந்த மூவரில் ஒருவரான ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்து ஆசிரியரின் மகன். மகாராஷ்டிர அரசின் பயிற்சித் திட்டம் அவரைச் சிறுவயதிலேயே எடுத்து வளர்த்தது. ரயில்வே வேலை கொடுத்தது. பதக்கம் வருவதற்குப் பல ஆண்டு முன்பே யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

தனியாகக் கொடுக்க விரும்புகிறவர்கள் பெரிய தொகைக்குக் காத்திருக்க வேண்டாம். பெல்லட் ஒரு டின் கொடுங்கள். ஒரு பிள்ளையின் ஐந்து நாள் பயிற்சி அது. கொடுப்பதற்கு முன் கிளப்பை நேரில் பாருங்கள். பொது ரைஃபிள் எத்தனை, அதில் யார் வீட்டுப் பிள்ளைகள் சுடுகிறார்கள், அலமாரிச் சாவி யாரிடம் என்று கேளுங்கள். கணக்குப் புத்தகத்தைக் கேளுங்கள். காட்டத் தயங்குகிற கிளப்பை விட்டு வந்துவிடுங்கள், எங்களுடையதாகவே இருந்தாலும்.

வருகிற ஞாயிறு காலை ஆறரைக்குக் கிளப் திறக்கும். வாசலில் ஒரு மேசையும் பதிவேடும் இருக்கும். அடையாள அட்டையை எடுத்து வாருங்கள். பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உள்ளே விடுவார்கள். நான் போனாலும் அப்படித்தான். மூன்றாவது கோட்டில் இடக்கையால் சுடுகிற பெண் நிற்பாள். அவள் சுட்டு முடித்து ரைஃபிளைக் கீழே வைக்கும் வரை யாரும் பேச வேண்டாம்.